பகிர்வதற்கு முன் படிப்போம்

(பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற பொதுநிலையினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

பொன்விழாக் கொண்டாடும் இந்த நன்னாளில் ஆலயத்திற்கு வண்ணம் பூசியிருக்கிறோம், கொடிமரத்தைப் புதுப்பித்திருக்கிறோம். மகிழ்ச்சி. ஆனால், இந்த ஆலயத்தில் நாம் அறிக்கையிடும் விசுவாசத்தை, இதன் வாசற்படிக்கு வெளியே எத்தனை பேரால் எடுத்துச் சொல்ல முடிகிறது என்ற கேள்வியையும் இன்று நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம்மோடு வேலை செய்கிறவர் ஒருநாள் கேட்கிறார்: "உங்களுக்குக் கடவுள் ஒருவரா, மூவரா?" பக்கத்து வீட்டு அம்மாள் கேட்கிறார்: "சிலுவையில் தொங்கும் ஒருவரை எப்படிக் கடவுள் என்று கும்பிடுகிறீர்கள்?" கல்லூரியில் படிக்கும் நம் மகனே கேட்கிறான்: "பாவத்தைக் கடவுளிடம் நேரே சொல்லாமல் சாமியாரிடம் ஏன் சொல்ல வேண்டும்?" இவற்றிற்கு நம்மில் பலர் தரும் மறுமொழி ஒன்றே ஒன்றுதான்: "அதையெல்லாம் சாமியாரிடம் கேளுங்கள்." கேட்டவர் சாமியாரிடம் போவதில்லை. கேள்வி அங்கேயே நின்றுவிடுகிறது. மகனுக்குப் பதிலுக்குப் பதிலாகத் திட்டுக் கிடைக்கிறது. அவன் அடுத்த முறை கேட்பதில்லை; கைப்பேசியைத் திறந்து பார்க்கிறான். அதில் நல்ல பதிலும் உண்டு, நஞ்சும் உண்டு. எது எதுவென்று பிரித்துச் சொல்ல வீட்டில் ஆளில்லை. சில ஆண்டுகள் கழித்துத் திருமணத்திற்கும் அடக்கத்திற்கும் மட்டுமே கோயிலுக்கு வருகிறவனாக அவன் ஆகிவிடுகிறான்.

வேறொரு கூட்டமும் நம்மிடையே உண்டு. இவர்கள் வாய் மூடுவதில்லை. பேருந்திலும் தேநீர்க் கடையிலும் வாதாடுவார்கள்; பிறர் வழிபாட்டை இழித்துப் பேசுவார்கள். வாதத்தில் வென்றதாக எண்ணிக்கொண்டு, ஒரு நண்பரை இழந்து வீடு திரும்புவார்கள்.

வாய் திறவாமையும் வாய்ச்சண்டையும் இரு வேறு நோய்கள் போலத் தோன்றினாலும் வேர் ஒன்றுதான். தாம் விசுவசிப்பது இன்னதென்று ஆழமாக அறியாதவர் அஞ்சி ஒதுங்குகிறார். இல்லையேல் சத்தமிட்டு மறைக்கிறார். இரண்டிற்கும் மருந்து நல்ல நூல்களைப் படிப்பது. ஆகவே, விசுவாசத்தைப் பகிர்ந்துகொள்ளக் கற்கும் ஒரு சாதாரணக் கிறிஸ்தவர் என்னென்ன படிக்கலாம் என்பதை இங்கே எடுத்துச் சொல்ல விரும்புகிறோம்.

முதல் நூல்: நற்செய்தி

முதலில் நற்செய்தி. இது தெரிந்த செய்திதானே என்று நினைக்க வேண்டாம். ஞாயிறுதோறும் ஒரு பகுதியைக் கேட்பது வேறு. ஒரு நற்செய்தியை முதல் அதிகாரத்திலிருந்து கடைசி அதிகாரம் வரை தொடர்ச்சியாகப் படிப்பது வேறு. மாற்கு நற்செய்தியில் பதினாறே அதிகாரங்கள். ஒரு மாலைப்பொழுதில் முழுவதையும் படித்துவிடலாம். அப்படிப் படிப்பவருக்கு இயேசு யாரென்பது துண்டுதுண்டாக இல்லாமல் ஒரே உருவமாக நெஞ்சில் பதியும். "உங்கள் இயேசு யார்?" என்று கேட்பவருக்கு அந்த உருவத்தைத்தானே நாம் காட்ட வேண்டும்?

அதன்பின் அப்போஸ்தலர் பணி நூலை எடுத்துக்கொள்வோம். அதன் எட்டாம் அதிகாரத்தில், எத்தியோப்பிய அரசியின் கருவூலத்திற்குப் பொறுப்பாயிருந்த அதிகாரி ஒருவர் எருசலேமிலிருந்து திரும்பும் வழியில், தேரில் அமர்ந்து இசையாஸ் ஆகமத்தைப் படித்துக்கொண்டு போகிறார். பிலிப்பு ஓடிச் சென்று, படிப்பது விளங்குகிறதா என்று கேட்கிறார். எடுத்துச் சொல்ல ஒருவர் இல்லாமல் எப்படி விளங்கும் என்று அவர் சொல்லி, பிலிப்புவைத் தம் அருகில் ஏறி அமரச் சொல்கிறார். பிலிப்பு அவர் படித்துக்கொண்டிருந்த அந்தப் பகுதியிலிருந்தே தொடங்கி இயேசுவைப் பற்றி விளக்குகிறார்.

விசுவாசத்தைப் பகிர்வோருக்கு வேண்டிய பாடம் முழுவதும் இங்கே இருக்கிறது. பிலிப்பு முதலில் கேட்டார், பிறகுதான் பேசினார். அழைக்கப்பட்ட பின்னரே தேரில் ஏறினார். தமக்குப் பிடித்த இடத்திலிருந்து அல்ல, அந்த மனிதர் நின்றுகொண்டிருந்த இடத்திலிருந்து தொடங்கினார். அப்படித் தொடங்க வேண்டுமானால், அவர் கையிலிருந்த ஏடு பிலிப்புக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

யோபு ஆகமமும் நம் தேவசகாயமும்

இதே பாடம் நமது நாட்டிலும் நடந்தது. குளச்சல் போரில் 1741-ல் திருவிதாங்கூர்ப் படையிடம் பிடிபட்ட டச்சுப் படையைச் சேர்ந்த தெ லனாய், பின்னர் மார்த்தாண்ட வர்மரின் படைக்குப் பயிற்சி அளிப்பவரானார். அதே அரசின் பணியிலிருந்த நட்டாலம் நீலகண்டப் பிள்ளை அவருக்கு நண்பரானார். பிள்ளையின் குடும்பத்தில் இழப்புகள் தொடர்ந்தன. அவர் மனம் சோர்ந்தார். அப்போது தெ லனாய் அவருக்கு யோபுவின் வரலாற்றைச் சொன்னார். அது நீலகண்டப் பிள்ளையின் உள்ளத்தைத் தொட்டது. 1745-ஆம் ஆண்டு மே 14-ஆம் நாள் வடக்கன்குளத்தில் அவர் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752-ஆம் ஆண்டு சனவரி 14-ஆம் நாள் ஆரல்வாய்மொழி காற்றாடி மலையில் உயிர்ப்பலியானார். 2022-ஆம் ஆண்டு மே 15-ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

தெ லனாய் குருவானவர் அல்லர்; வேதபோதகரும் அல்லர். படைவீரர். ஆயினும் துன்பத்தில் இருந்த நண்பருக்கு ஏற்ற ஆகமம் எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரு பொதுநிலையினர் இன்னொருவருக்குச் சொன்ன அந்த வரலாறு, திருச்சபைக்கு ஒரு மறைசாட்சியைத் தந்தது.

நாமும் யோபு ஆகமத்தைப் படிப்போம். நாற்பத்திரண்டு அதிகாரங்கள், சற்றுக் கடினமான நூல்தான். ஆனால் அதில் நமக்கென்றே ஓர் எச்சரிக்கை இருக்கிறது. யோபுவின் நண்பர்கள் மூவர் ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவர் அருகில் தரையில் அமர்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள். பிறகு வாய் திறந்து, "நீ பாவம் செய்தாய், அதனால்தான் இந்தத் துன்பம்" என்னும் போக்கில் வாதாடத் தொடங்கினார்கள். இறுதியில் இறைவன் கடிந்துகொண்டது அவர்களைத்தான். நோயாளி வீட்டிற்கும் இழவு வீட்டிற்கும் செபிக்கப் போகிற நம் ஒவ்வொருவருக்கும் இது பாடம்.

பதினாறு பக்கம் போதும்

அடுத்து, விசுவாசத்தின் சுருக்கம். சவேரியார் 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. இங்குள்ளோர் சிலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு விசுவாசப் பிரமாணம், கற்பனைகள், கர்த்தர் கற்பித்த செபம் முதலியவற்றைத் தமிழில் அமைத்து மனப்பாடம் செய்தார். மணியை அடித்துக்கொண்டு தெருத்தெருவாகச் சென்று குழந்தைகளைக் கூட்டிக் கற்பித்தார். கற்ற குழந்தைகளே வீட்டில் பெற்றோருக்கும் அயலாருக்கும் சொல்லிக் கொடுத்தார்கள்.

அவர் வழிவந்த அண்டிரிக் அடிகளார் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' 1578-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள் கொல்லத்தில் வெளிவந்தது. இந்திய மண்ணில் இந்திய மொழி எழுத்தில் அச்சான முதல் நூல் அது. மொத்தம் பதினாறே பக்கம். தமிழ் எழுத்து அச்சேறியதே விசுவாசத்தைக் கற்றுக்கொடுப்பதற்காகத்தான் என்பது நமக்கெல்லாம் பெருமை. ஆனால் அந்தப் பெருமை ஒரு கடமையையும் நம் தலைமேல் வைக்கிறது.

இன்று நமக்கு உதவ, 1992-ல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் வழங்கிய 'கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி' என்னும் பெருநூல் இருக்கிறது. நாம் விசுவசிப்பது, நாம் கொண்டாடும் அருட்சாதனங்கள், நாம் வாழும் முறை, நாம் செபிப்பது என நான்கு பகுதிகள். பெரிய நூலைக் கண்டு மலைப்பவர்களுக்காக 2005-ல் அதன் சுருக்கம் 598 கேள்வி பதில்களாக வெளியிடப்பட்டது. நாளொன்றுக்கு இரண்டு கேள்வி என்று படித்தால், ஓராண்டுக்குள் முடித்துவிடலாம். நாம் தொடக்கத்தில் சொன்ன "ஒருவரா, மூவரா?" "சாமியாரிடம் ஏன் சொல்ல வேண்டும்?" என்ற கேள்விகளுக்கெல்லாம் அதில் விடையுண்டு. ஆனால் அந்த விடையைக் கிளிப்பிள்ளை போல் ஒப்பிக்காமல், நம் வீட்டுப் பேச்சில் சொல்லப் பழக வேண்டும்.

வீரமாமுனிவரின் அறிவுரை

இத்தாலியில் 1680-ல் பிறந்து, தமிழகத்திற்கு வந்து, தமிழுக்கே தம்மை ஈந்த வீரமாமுனிவரை நாம் அறிவோம். சூசையப்பரைப் பாட்டுடைத் தலைவராக வைத்துத் 'தேம்பாவணி' என்னும் காவியம் செய்த அதே கை, உபதேசியார்களுக்காக எளிய உரைநடையில் 'வேதியர் ஒழுக்கம்' என்ற நூலையும் எழுதிற்று. வேதியர் என்றால் வேதத்தைப் போதிப்பவர்.

அந்தப் பெயரைச் சற்றுக் கவனியுங்கள். வேதியர் வாதம் என்று அவர் பெயர் வைக்கவில்லை. வேதியர் சாதுரியம் என்றும் வைக்கவில்லை. ஒழுக்கம் என்றே வைத்தார். சொல்பவன் வாழ்வு சரியில்லையென்றால் சொல் எடுபடாது என்பது அந்தப் பெயரிலேயே அடங்கியிருக்கிறது. வட்டிக்கு மேல் வட்டி வாங்குகிறவரும், குடித்துவிட்டு மனைவியை அடிக்கிறவரும், கோயிலில் சாதி பார்க்கிறவரும் எத்தனை வேதவசனம் சொன்னாலும் ஊரார் சிரிப்பார்கள். அவர்கள் சிரிப்பது நம்மைப் பார்த்து மட்டுமல்ல, நமது ஆண்டவரைப் பார்த்தும்தான்.

இந்நூலின் தமிழ் இன்று சிலருக்குக் கடினமாகத் தோன்றலாம். தமிழாசிரியர் எவரேனும் அருகிலிருந்து விளக்கினால் நலம்.

சலிப்புத் தட்டிய திருத்தொண்டருக்கு அகுஸ்தினார் எழுதியது

மறைக்கல்வி ஆசிரியர்களுக்கென்று தனியாக ஒரு நூலைச் சொல்ல வேண்டும். கார்த்தேஜ் நகரத் திருத்தொண்டர் ஒருவர், புதிதாக விசுவாசம் கற்க வருகிறவர்களுக்குப் போதித்து வந்தார். தம் பேச்சு நீண்டு, உயிரற்றுப் போய், கேட்பவருக்கு மட்டுமின்றித் தமக்கே சலிப்புத் தட்டுகிறதே என்று வருந்தி அகுஸ்தினாருக்கு எழுதினார். அதற்கு விடையாக ஏறத்தாழ கி.பி. 400-ல் அகுஸ்தினார், தொடக்கநிலையோருக்குக் கற்பிக்கும் முறை பற்றி ஒரு சிறு நூலே எழுதி அனுப்பினார்.

அவ்வளவு பெரிய சொல்வல்லுநரான அகுஸ்தினார், தம் பேச்சும் தமக்குப் பெரும்பாலும் நிறைவளிப்பதில்லை என்கிறார். ஆனால் நாம் நினைப்பதைவிடக் கேட்பவர் அதிகம் பெற்றுக்கொள்கிறார் என்று ஆறுதல் சொல்கிறார். மகிழ்ச்சியோடு பேசு, படைப்புத் தொடங்கித் திருச்சபை வரை இறைவனின் அன்பை ஒரு வரலாறாகச் சொல், கேட்பவர் நின்று களைத்தால் உட்கார இடம் கொடு, முகம் வாடினால் பேச்சை மாற்று என்று தகப்பன் மகனுக்குச் சொல்வதுபோல் சொல்கிறார். மாதிரிக்கு நீண்ட உரை ஒன்றும் சுருக்கமான உரை ஒன்றும் எழுதிக் காட்டுகிறார். ஆயிரத்து அறுநூறு ஆண்டுகள் கடந்தும் நம் ஞாயிறு மறைக்கல்வி வகுப்புக்கு அப்படியே பொருந்துகிறது. ஆங்கிலம் நன்கு அறிந்த நம் இளைஞர்கள் இதைப் படித்து, மற்றவர்களுக்குத் தமிழில் எடுத்துச் சொன்னால் அதுவே பெரிய தொண்டு.

அயலாரை மதிக்கக் கற்றுத்தரும் ஏடுகள்

இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் ஏடுகளில் இரண்டையாவது நாம் படித்தே ஆக வேண்டும். பிற சமயங்களோடு திருச்சபைக்குள்ள உறவு பற்றிய ஏடு 1965 அக்டோபர் 28-ல் வெளிவந்தது. மிகச் சிறியது, அரைமணி நேரத்தில் படித்துவிடலாம். பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமாய் உள்ள எதையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்று அது கற்பிக்கிறது. சமய சுதந்திரம் பற்றிய ஏடு அதே ஆண்டு டிசம்பர் 7-ல் வெளிவந்தது. விசுவாசத்தைப் பரப்புகையில் வற்புறுத்தலோ நேர்மையற்ற தூண்டுதலோ கூடாது. குறிப்பாக ஏழைகளிடமும் கல்லாதவர்களிடமும் கூடவே கூடாது என்று அது தெளிவாகச் சொல்கிறது. காசு காட்டியும் ஆசை காட்டியும் ஆள் சேர்க்கிறோம் என்ற பழிச்சொல்லைக் கேட்டு வருந்துகிற நாம், நம் திருச்சபையே இதைத் தடுத்திருக்கிறது என்பதைப் படித்து அறிந்து, அதன்படி நடந்தும் காட்ட வேண்டும்.

இவற்றோடு திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் 1975 டிசம்பர் 8-ல் எழுதிய நற்செய்தி அறிவிப்புப் பற்றிய மடலையும் சேர்த்துக்கொள்ளலாம். வாழ்ந்து காட்டும் சாட்சியே முதல் அறிவிப்பு. ஆயினும், கேட்பவருக்குக் காரணம் சொல்லும் சொல்லும் வேண்டும் என்று இரண்டையும் அவர் இணைத்துக் காட்டுகிறார்.

அயலாரின் நூலையும் படிப்போம். வீரமாமுனிவர் திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் மொழிபெயர்த்தார். தத்துவ போதகர் 1606-ல் மதுரைக்கு வந்து தமிழும் வடமொழியும் கற்றார். அடுத்தவர் உள்ளத்தில் உள்ள நல்லதை அறியாமல் அவரோடு பேச முடியாது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

ஒரு வீட்டில் இருந்த இரண்டு நூல்கள்

கடைசியாகப் புனிதர் வரலாறுகள். 1586-லேயே தமிழில் 'அடியார் வரலாறு' அச்சாகிவிட்டது. நம் முன்னோர் புனிதர்களின் கதையைக் கேட்டே வளர்ந்தார்கள். குழந்தை இயேசுவின் தெரேசம்மாள் எழுதிய தன்வரலாறு, அவர் இறந்து ஓராண்டில், 1898-ல் வெளிவந்தது. லிசியே மடத்தின் சுவர்களுக்குள்ளேயே வாழ்ந்து மறைந்த அந்தக் கன்னியை, 1927-ல் திருச்சபை சவேரியாரோடு சேர்த்து வேதபோதக நாடுகளின் பாதுகாவலியாக அறிவித்தது. வெளியே போய்ப் பேச இயலாத நோயாளிகளும் முதியோரும் இந்த நூலைப் படிக்க வேண்டும். தங்கள் செபமும் துன்பமும் வீண் அல்ல என்று அறிவார்கள்.

இஞ்ஞாசியார் 1521-ல் பம்பலோனாப் போரில் கால் முறிந்து வீட்டில் படுத்திருந்தார். பொழுதுபோக்க வீரதீரக் கதைகள் கேட்டார். அந்த வீட்டில் அவை இல்லை. கிறிஸ்துவின் வாழ்க்கை வரலாறு ஒன்றும், புனிதர் வரலாறு ஒன்றும்தான் இருந்தன. வேறு வழியின்றிப் படித்தார், மனம் மாறினார். அவர் பின்னர் பாரிஸ் நகரில் சவேரியாரைச் சந்தித்தார். சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அவர் வழியில் அண்டிரிக் அடிகளாரும், தத்துவ போதகரும், வீரமாமுனிவரும் வந்தார்கள். நட்டாலத்து நீலகண்டப் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தவரும் இயேசு சபைக் குருவே. லொயோலாவில் ஒரு வீட்டு அலமாரியில் இருந்த இரண்டு நூல்களுக்கும் நம் தமிழகத் திருச்சபைக்கும் எத்தகைய தொடர்பு பாருங்கள்!

அன்பர்களே, நம் வீட்டில் ஒருவர் கால் முறிந்து படுத்தால், அவர் கைக்கு எட்டும் தூரத்தில் என்ன இருக்கும்?

எப்படிப் படிப்பது?

மூன்று ஆலோசனைகளைச் சொல்லி முடிக்கிறோம். முதலாவது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் படிக்க முயல வேண்டாம். மாற்கு நற்செய்தியில் தொடங்கி, ஒரு நேரத்தில் ஒரு நூல் என்று, இரவு செபத்திற்கு முன் கால்மணி நேரம் போதும். இரண்டாவது, தனியாகப் படிப்பதோடு நில்லாமல் கூடிப் படிப்போம். எழுத்தறியாத நம் தாய்மார்களுக்குப் பேரப்பிள்ளைகள் உரக்கப் படித்துக் காட்டட்டும். இருவருக்கும் அது மறைக்கல்வி. மூன்றாவது, கேட்ட கேள்விக்கு விடை தெரியாவிட்டால், "படித்துவிட்டு வந்து சொல்கிறேன்" என்று சொல்வோம். சொன்னபடி படித்து, போய்ச் சொல்லவும் செய்வோம். அந்த நேர்மையே பாதி நற்செய்தி. நம்முடைய நம்பிக்கைக்குக் காரணம் கேட்போருக்குச் சாந்தத்தோடும் மரியாதையோடும் மறுமொழி சொல்ல எப்போதும் ஆயத்தமாக இருக்கும்படி இராயப்பர் தம் முதல் திருமுகத்தில் கேட்டுக்கொள்வதும் இதைத்தான்.

பொன்விழாவின் நினைவாக ஒரு வேண்டுகோள். நம் ஆலய முகப்பில் ஓர் அலமாரி வைப்போம். அன்பியத்திற்கு ஒரு நூல் என்று வாங்கி வைப்போம். எடுத்துச் சென்றவர் பெயரை எழுதிவைக்க ஒரு குறிப்பேடும் பென்சிலும் போதும். மாதம் ஒரு ஞாயிறு, திருப்பலிக்குப் பின், ஒருவர் தாம் படித்ததைப் பத்து நிமிடம் எடுத்துச் சொல்லட்டும். கொடிமரம் வெயிலிலும் மழையிலும் மங்கும். மறுபடியும் வண்ணம் பூசத்தான் வேண்டும். ஒரு தாயோ தகப்பனோ படித்துத் தெளிந்து தம் பிள்ளைக்குச் சொன்ன ஒரு நல்ல பதில், அந்தப் பிள்ளையின் பிள்ளை வரைக்கும் நிற்கும்.

படிக்கும் ஆர்வத்தையும், படித்ததை வாழும் வலிமையையும், வாழ்ந்ததைப் பணிவோடு சொல்லும் நாவையும் எல்லாம் வல்ல இறைவன் நம் பங்கு மக்கள் அனைவருக்கும் அருள்வாராக! 

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!